வேறு கை போட்ட தையல்

மார்ச் 25, சனி

கையுறை இல்லாமல் ஸ்பானர் பிடிக்கலாம் என்கிற அளவுக்குக் குளிர் விட்டிருக்கிறது. பிக்-அப்பின் மேல் ஏற்றிப்போகிற, கூரை எழும்பிக் கேன்வாஸ் சுவர் விரியும் எங்கள் கேம்பரின் வருஷாந்திர வேலையை இன்று ஆரம்பித்தேன்.

தாழ்ப்பாள்களை விடுவித்துவிட்டு உள்ளே போய் முன்பக்கப் பலகையைத் தோளால் முட்டினேன். இந்தக் கூரை எப்போதும் பாதியில் நின்று, முனகி, நம்மைக் கெஞ்சவைத்துத்தான் மேலே போகும். இன்று ஒரே தள்ளில் பொசுக்கென்று எழும்பிவிட்டது. என்னடா என்று பார்த்தால், கூரையைத் தாங்குகிற காற்றுத் தண்டுகள் இரண்டும் புத்தம் புதியவை.

கேன்வாஸ் விரிந்ததும் ஓட்டுநர் பக்க மூலையைத் தேடினேன். அக்டோபரில் ஆல்வர்டு உப்புவெளியில் அடித்த காற்றில் அங்கே ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது. அப்போதைக்கு டேப் ஒட்டி வைத்தேன், வசந்தத்தில் தைக்கலாம் என்று. டேப் இல்லை. டேப்பின் பிசுக்குக்கூட இல்லை. உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக அதே நிறத் துணியில் ஒட்டுப்போட்டு, இரட்டை வரிசையாகத் தைத்து, ஊசித் துளைகளின் மேல் நீர் புகாத பசையும் தடவியிருந்தது. தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவு. பதினான்கு வருஷமாக இந்தக் கேம்பரைப் பழுது பார்க்கிறேன். என் கைக்கு இப்படி வராது.

என் புருஷன் ராய்ஸிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “நான்தான். வீடியோ பாத்துப் பண்ணினேன்” என்றான்.

சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப்போடுகிற ஆள்.

மார்ச் 26, ஞாயிறு

ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினேன். தகடுகள் சேரும் இடத்தில் பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டிய வருஷம் இது. முன்பாதி ஏற்கெனவே பூசியிருக்கிறது. சரியான சாமான், சரியான கனம், ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக. பின்பாதியில் மட்டும் போன தடவை நான் பூசியது, விரல் ரேகையோடு கோணல்மாணலாக.

யாரோ என் வேலையை எனக்கு முன்னால் செய்திருக்கிறார்கள். நன்றி சொல்லவேண்டியதுதானே? யாருக்கு?

ஏப்ரல் 1, சனி

கேம்பரைப் பிக்-அப்பின் தொட்டியோடு இழுத்துப் பிடிக்கிற நான்கு திருகுக் கொக்கிகளையும் பார்த்தேன். இவைதான் உயிர். ஒன்று தளர்ந்தாலும் கரடுமுரடான பாதையில் மொத்தமும் ஆட ஆரம்பிக்கும். தளரவில்லை. ஒவ்வொரு நட்டின் மேலும் மெல்லியதாக ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு, நட்டிலிருந்து போல்ட்டுக்கு இழுத்திருந்தது. அழகுக்கா? அடையாளத்துக்கா? துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

ராய்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் “நான்தான்” என்பான்.

ஏப்ரல் 4

ஒரு பெண். வேறென்ன.

ஏப்ரல் 8, சனி

மளிகைக் கடையில் லோயிஸைப் பார்த்தேன், முட்டை வரிசையில். அவள் புருஷன் வெர்னோடுதான் ராய்ஸ் வருஷத்துக்கு நாலைந்து தடவை கேம்பரை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவது. “இந்தத் தடவையாவது வெர்ன் பெரிசா ஒண்ணு பிடிச்சாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். சிரிப்பை நன்றாகவே வரவழைத்தேன் என்று நினைக்கிறேன்.

“யாரு, இவரா? முழங்கால் ஆபரேஷனுக்கப்புறம் படகுப் பக்கமே போகலையே. ரெண்டு வருஷமாச்சு ஆர்டித். சோபாவோட சோபாவா கெடக்கறாரு.”

அப்புறம் அவளே புரிந்துகொண்டாள். முகம் மாறி, முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். பாவம், பன்னிரண்டு முட்டையை எவ்வளவு நேரம் எண்ண முடியும்?

வீட்டுக்கு வந்து கேம்பருக்குள் உட்கார்ந்தேன். தலையணையை மோந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயசு எனக்கு. மோந்து பார்த்தேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

ஜன்டூராவில் ராய்ஸின் தம்பி க்ளென் வீட்டில் சாப்பாடு. ராய்ஸ் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே ஏதோ கதை சொன்னான். மேஜை முழுக்கச் சிரித்தது. தீவனக் கடையில் வேலை செய்வதால் இந்த மாவட்டத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை, பிடிக்காதவர்களும் இல்லை. “உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்?” என்றாள் க்ளென் பெண்டாட்டி. நானும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

நிதானமாக எழுதவேண்டும்.

நான் தபால் கொண்டுபோகும் பாதையில் ஹால்வர்சனின், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானக் கொட்டகை இருக்கிறது. இன்று கையெழுத்து வாங்கவேண்டிய பார்சல் என்பதால் உள்ளே போனேன். எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அதில் இருக்கிற ஒவ்வொரு நட்டிலும் அதே மஞ்சள் கோடு.

“இது எதுக்கு?” என்றேன்.

“அதா? நட்டு தானா சுத்திக்கிச்சுன்னா கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். ஸ்பானரே வேணாம், கண்ணாலப் பாத்தாப் போதும். ஏரோப்ளேன் மெக்கானிக் பழக்கம். எங்க ஆளுங்க வீட்டுக் கக்கூஸ் குழாய்க்குக்கூடப் போடுவாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வண்டியில் வந்து உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது.

ஜனெல்.

என் மகள் ரெட்மண்டில் விமான மெக்கானிக் வேலைக்குப் படிக்கச் சேர்ந்தாள் என்று மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைப் பார்த்து ஐந்தரை வருஷம் ஆகிறது. போட்ட கடிதம் எல்லாம் பிரிக்காமல் திரும்பி வந்தது. நானே தபால்காரி, என் கடிதத்தை என் கையாலேயே என் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

வேறு பெண் இல்லை. என் பெண். நிம்மதியாக இருக்கவேண்டாமா? வேறு எவளாவது இருந்திருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 15, சனி

கேட்டேன். மறுக்கவில்லை. நாற்காலியில் அப்படியே சரிந்தான்.

“நாலு வருஷமா, ஆர்டி. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை. ப்ரைன்வில் ஏரிக்கு நான் கேம்பரை எடுத்துட்டுப் போவேன், அவ அந்தப் பக்கத்துலேர்ந்து வருவா. ரெண்டு நாள் இருப்போம். கையைச் சும்மா வெச்சிருக்க மாட்டாளே, எதையாவது ரிப்பேர் பண்ணுவா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சத்தியம் வாங்கிட்டா. உங்கிட்டச் சொன்னா என்னையும் பாக்கமாட்டேன்னா.”

நாலு வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அவள் பேருக்கு ஒரு பொட்டலம் கட்டி அலமாரியில் வைக்கும்போது அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். “வருவா, ஒருநாள் வருவா.” அதே வாயால். அந்த வாரம்தான் அவளைப் பார்த்துவிட்டு வந்திருப்பான்.

நடந்ததை இங்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், எழுதியதே இல்லை. செப்டம்பர், கண்காட்சி வாரம், இன்னும் வெளிச்சம் இருந்த சாயங்காலம். ஜனெலுக்கு இருபது வயசு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கால்வாயில் இறக்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த அவள் தோழி ஷெல்பிக்கு இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. யாரோ ஷெல்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இவள் வயல் வழியாக நடந்து வீட்டுக்கு வந்தாள். “நீ ஓட்டினதாச் சொல்லும்மா. உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க.” முடியாது என்றேன். அவள் குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள். சமையலறையில் ராய்ஸ் போனை எடுத்தான். அவனே எண்ணை அழுத்தி, அவனே ஷெரிஃப் ஆபீஸில் பேசினான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. ஆள் வந்து கதவைத் தட்டியதும் நான் திறந்தேன். நான்கு மாதம் சிறை. என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

“என்மேல மட்டும் ஏன் கோவம்?” என்று இன்றும் கேட்டேன் அவனிடம்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நீதானே கதவைத் திறந்தே” என்றான்.

ஏப்ரல் 29, சனி

அடுத்த சந்திப்பு மே ஆறு. “இந்தத் தடவை நான் போறேன்” என்று சொன்னேன். “வேண்டாம் ஆர்டி, எல்லாம் கெட்டுப்போகும்” என்றான். எது கெட்டுப்போகும்? யாருடையது?

கேஸ் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் ஓரிடத்தில் குமிழி ஊதியது, இறுக்கினேன், நின்றது. ஹீட்டரின் புகைப்போக்கியில் குளவிக் கூடு, குச்சியால் நோண்டி எடுத்தேன். முன்மூலையில் படுக்கைக்கு அடியில் பலகை கொஞ்சம் மெத்தென்று அமுங்குகிறது. அது ஜூனில்.

மே 7, ஞாயிறு

நேற்றுப் பத்து மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் இருந்தேன். கூரையைத் தூக்கி, காபி போட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு ஒரு பழைய நீலக் கார் வந்தது.

கேம்பரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். “அப்பா! பேரிச்சம்பழ கேக் கொண்டாந்திருக்கேன், இந்தத் தடவை கருகல—”

முடி குட்டையாக வெட்டியிருக்கிறாள். தோள் அகன்றிருக்கிறது. முழங்கை வரை கிரீஸ் கறை. அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை என்று தெரிந்தும், அது அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா எங்க?”

“வரல.”

“செத்துட்டாரா?”

“இல்ல. நல்லா இருக்கார். நான்தான் வரேன்னேன்.”

காருக்குத் திரும்பினாள். கதவைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் திரும்பி வந்து, என்னிடமிருந்து பத்தடி தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். காபி வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். ஒட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். கேன்வாஸ் மூலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். வேலை எப்படி என்றேன். காட்டுத்தீ அணைக்கிற விமானங்களைப் பராமரிக்கிறாளாம். “ஒரு நட்டு விட்டுப்போச்சுன்னா ஆள் காலி. அதனாலதான் எனக்குப் பிடிச்சிருக்கு.” அவ்வளவுதான் தானாகச் சொன்னது.

“ஷெல்பி விஷயத்துல நீ என்ன செஞ்சிருக்கணும்னு நான் இன்னும்—” என்று நான் ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“ஜெயிலுக்குப் போனது சரி. போகவேண்டியவதான் நான். அதுக்கு உன்மேல கோவம் இல்ல. அப்பா உன் கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்காரு. ‘ஒரு ராத்திரி பொறு, காலையில நாமளே அவளைக் கூட்டிட்டுப் போவோம், அவளே சொல்லட்டும்’னு. நீ அவர் கையிலேர்ந்து போனைப் பிடுங்கிப் பேசினியாமே. எனக்கு அந்த ஒரு ராத்திரிகூடக் குடுக்கத் தோணலியே உனக்கு? நானா போய் நிக்கற மாதிரி ஒரு சான்ஸ்?”

என் காதில் ஏதோ இரைந்தது. “யாரு சொன்னா?” என்றேன்.

“அப்பாதான். ஜெயில்ல மொதல் தடவை பாக்க வந்தப்பவே.”

வாயைத் திறந்தேன். ஆறு வருஷமாக இந்தப் பெண்ணுக்கு நம்புவதற்கு ஒரே ஒரு ஆள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அந்த ஒருவனும் இல்லை. சொல்லவில்லை. ஏன்டி சொல்லல? நல்லவளா நீ? பயந்தாங்கொள்ளியா? நான் சொன்னா நம்பமாட்டாளோன்னா?

“சரி” என்று மட்டும் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். கேக்கைக் கேம்பர் படியில் வைத்துவிட்டு, “அவருக்குக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 8

கேக்கை மேஜைமேல் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். “நான் போனைப் பிடுங்கினேனா ராய்ஸ்?”

கேக்கைக் கையால் தள்ளி வைத்தான். அப்புறம் அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அவன் அம்மா இறந்தபோது ஒருமுறை.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தா. ஆரஞ்சு உடுப்பு. ‘யாருப்பா போன் பண்ணினது, நீயா அவளா’ன்னு கேட்டா. ஒரே கேள்வி. வாயிலேர்ந்து வந்துருச்சு ஆர்டி. அடுத்த வாரம் திருத்திடலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் அவ என்னைப் பாத்துச் சிரிச்சா.”

“ஆறு வருஷம்.”

“நீ தாங்கிக்குவ. எனக்குத் தெரியும். உன்னால முடியும். என்னால முடியாது.”

இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன உண்மையான வார்த்தை இதுதானோ? பாராட்டு மாதிரியே சொன்னான்.

மே 9

நீ தாங்கிக்குவ. நீ தாங்கிக்குவ. தபால் போடும் ஒவ்வொரு பெட்டியிலும் அதையே கேட்டேன். இருநூத்திப் பதினோரு பெட்டி.

மே 13, சனி

நான் சொல்லமாட்டேன், நீயே சொல் என்று ராய்ஸிடம் சொல்லிவிட்டேன். நேரில் போய், உன் வாயால், ஜூன் பாதிக்குள். சரி என்றான். சத்தியம் என்றான். அந்த வார்த்தை அவன் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜூன் 3, சனி

முன்மூலையைத் திறந்தேன். வெளித் தகட்டின் திருகாணிகளை எடுத்து, தகட்டை மடக்கிப் பிடித்துப் பார்த்தால், பலகை ஈரக் கேக் மாதிரி விரலோடு வருகிறது. அகலம் ஒரு முழம், ஆழம் சட்டம் வரை. மேலே விளக்கு பொருத்தியிருக்கும் இடத்தில் ஊசிமுனை அளவு இடுக்கு, அது வழியாக வருஷக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. கெட்டி மரம் வருகிறவரை வெட்டி எடுத்தேன். எங்கே நிற்கும் என்று தெரியாமல் வெட்டுவதுதான் இதில் கஷ்டம். இரண்டு நாள் மின்விசிறி வைத்துக் காயவிடவேண்டும்.

ஜூன் 10, சனி

ராய்ஸ் ரெட்மண்ட் போய்விட்டுச் சாயங்காலம் வந்தான். “சொல்லிட்டேன்” என்றான். முகம் வெளுத்திருந்தது. “என்ன சொன்னா?” “ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயிட்டா. நேரம் குடு.” என் கையைப் பிடித்தான். பிடிக்க விட்டேன்.

புதுப் பலகையை வெட்டிப் பொருத்தினேன். பசை போட்டு இடுக்கியில் இறுக்கி வைத்திருக்கிறேன். பல நாளைக்கப்புறம் இன்று பசித்தது. முட்டையும் உருளைக்கிழங்கும் வறுத்து இருவரும் சாப்பிட்டோம்.

ஜூன் 16, வெள்ளி

தபால் பிரிக்கும்போது எங்கள் வீட்டு விலாசத்துக்கு ஒரு உறை. ஜனெலின் கையெழுத்து. இத்தனை வருஷம் தீவனக் கடை விலாசத்துக்குத்தான் போட்டிருக்கிறாள் போல. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதே, ஒளிக்க என்ன இருக்கிறது. முத்திரை ஜூன் பதினாலு. ராய்ஸ் பேருக்கு.

இன்றைக்கு முழுக்க அதை மற்றக் கடிதங்களோடு வைத்துக்கொண்டே ஓட்டினேன். பிரிக்கவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரித்ததில்லை, பிரிக்கமாட்டேன். வீட்டில் அவன் கையில் கொடுத்து, “எனக்கு முன்னாலயே பிரி” என்றேன்.

தந்தையர் தின அட்டை. உள்ளே அவள் எழுத்தில்: “என் பக்கம் எப்பவும் நின்ன ஒரே ஆளுக்கு.”

அவன் சொல்லவில்லை. போயிருக்கிறான், அவளோடு கேக் தின்றிருக்கிறான், வந்துவிட்டான். முகம் வெளுத்தது என்று எழுதினேனே, அது என்னிடம் பொய் சொல்லப் போகிறோம் என்கிற வெளுப்பு.

“சொல்லப் போனேன். அவ கேக் வெட்டிட்டு இருந்தா—” என்றான்.

“உன் தம்பி வீட்டுல எடம் இருக்கான்னு கேளு” என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

க்ளென் வந்து கூட்டிப்போனான். இரண்டு பெட்டி, துப்பாக்கி, காபி இயந்திரம். பிக்-அப்பும் கேம்பரும் எனக்கு என்று அவனே சொன்னான். வாசலில் நின்று, “நான் கெட்டவன் இல்ல ஆர்டி” என்றான். இல்லைதான். கெட்டவனாக இருந்தால் முன்னமே கண்டுபிடித்திருப்பேன்.

ஜூலை 4

சுதந்திர தினப் பட்டாசுச் சத்தம். முன்மூலைத் தகட்டைத் திரும்ப மூடினேன். விளக்கைச் சுற்றிப் புதுப் பூச்சு. குழாயால் அரை மணிநேரம் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே விரல் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

ஜனெல் போன் பண்ணினாள். அவளாக, என் நம்பருக்கு. கோபமாகத்தான்.

“அப்பாவை வெளியில தள்ளிட்டியாமே. என்னைப் பாத்ததுக்கா?”

“அதுக்கு இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“அதை அவர்கிட்டக் கேளு.”

“கேட்டேன். நீ மாறிட்டேங்கறாரு. நான் உங்கிட்டக் கேக்கறேன்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன். அப்புறம் சொன்னேன்: “ஜனெல், நான் எதுவும் சொல்லப் போறதில்ல. எதையும் மறைக்கவும் போறதில்ல. கோர்ட்டு ஆபீஸ்ல உன் கேஸ் காகிதம் இருக்கு. உனக்கு வேணும்னா வாங்கிப் படி. வேணாம்னா விட்டுரு.”

“என்ன இருக்கு அதுல?”

“எனக்குத் தெரியாது, நான் படிச்சதில்ல. ஆனா அன்னைக்கு நடந்ததுதான் இருக்கும்.”

வைத்துவிட்டாள்.

இது சொல்லாமல் இருந்ததா, சொன்னதா? என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

செப்டம்பர் 9, சனி

ஊரே கண்காட்சிக்குப் போயிருக்கிறது. நான் கேம்பரை எடுத்துக்கொண்டு தனியாக ஸ்டீன்ஸ் மலைக்கு வந்துவிட்டேன். ஐம்பது மைல் ஆனதும் நிறுத்திக் கொக்கிகளைப் பார்த்தேன். மஞ்சள் கோடு எதுவும் உடையவில்லை.

இங்கே யாரோடும் பேசவேண்டாம் என்பது நன்றாக இருந்தது, முதல் நாள். இன்று காலை இரண்டு கோப்பையில் காபி ஊற்றியிருக்கிறேன்.

செப்டம்பர் 11

மழையில் ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தேன். உடனே திரும்ப விரித்துக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். கொல்லையில் கூரையைத் தூக்கிவிட்டு, வினிகர் தண்ணீரால் துடைத்தேன்.

ஷெல்பி வீட்டுக்குத் தபால் போட்டபோது அவளே கதவுக்கு வந்தாள். இன்னும் விந்திவிந்தித்தான் நடக்கிறாள். “ஜனெல் போன வருஷம் வந்திருந்தா, சொன்னாளா? இங்கதான் உக்காந்து ரெண்டு மணிநேரம் அழுதா” என்றாள். எங்கள் வீடு அங்கிருந்து மூன்று மைல்.

“சொன்னா” என்று பொய் சொன்னேன். பார், எனக்கும் வருகிறது.

அக்டோபர் 21

முதல் பனி. யாரிடமிருந்தும் எதுவும் இல்லை. ராய்ஸ் மட்டும் ஒரு கடிதம், ஆறு பக்கம். மன்னிப்பு கேட்டிருக்கிறான், மிக அழகாக எழுதியிருக்கிறான். “ஜனெலிடம் கூடிய சீக்கிரம்” என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, சனி

இன்று குளிர்காலத்துக்காகக் கேம்பரை வண்டியிலிருந்து இறக்க ஆரம்பித்தேன். நான்கு மூலையிலும் ஜாக்கி, ஒவ்வொன்றையும் சம அளவு சுற்றினால்தான் சாயாமல் எழும்பும். தனியாளாக ஐந்து சுற்று இங்கே, ஓடிப்போய் ஐந்து சுற்று அங்கே. காற்று வேறு. வலது பக்கம் இறங்கிப்போய் நின்றுவிட்டது. அதை முறைத்துக்கொண்டு நிற்கும்போது நீலக் கார் வந்தது.

ஜனெல் இறங்கி, நேராக வந்து சாய்ந்த பக்கத்து ஜாக்கியைப் பிடித்தாள். “எண்ணு” என்றாள்.

எண்ணினேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேம்பர் நேரானது, மெல்ல எழும்பியது. நான் பிக்-அப்பை ஓட்டி அடியிலிருந்து வெளியே எடுத்தேன். அவள் இரண்டு பக்கமும் கையைக் காட்டி வழி சொன்னாள். அப்புறம் கீழே இறக்கிக் கட்டைகள்மேல் உட்காரவைத்தோம். குழாயில் இருந்த தண்ணீரை வடித்தோம், உறையாமல் இருக்கிற சிவப்புத் திரவத்தை ஊற்றினோம். முக்கால் மணிநேரம், எண்ணிக்கையைத் தவிர ஒரு பேச்சு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “காகிதம் வாங்கினேன். செப்டம்பர்லயே. கூப்பிட்டது யாருன்னு பேர் போட்டிருக்கு. அவர் பேசின வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கு.”

“ம்.”

“ஏரிக்கரையில நான் அவ்வளவு பேசினப்ப நீ ஏன் வாயத் தொறக்கல?”

“உனக்குன்னு ஒருத்தராவது இருக்கட்டும்னு.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அதை நீ முடிவு பண்ணாதே. நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முடிவு பண்ணியிருக்கீங்க. என்னை ஒருத்தரும் கேக்கல.”

சரி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. உண்மையாக இருந்தால் எதற்கு அவசரமாக ஒப்புக்கொள்வது? கொஞ்சம் நேரம் அது என்மேல் கிடக்கட்டும் என்று நின்றேன்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “அன்னைக்கு அவர் போன் பண்ணாம இருந்திருந்தா, நீ பண்ணியிருப்பியா?”

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. ஆறு மாதமாகப் பாதிக்கப்பட்டவள் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன் இந்த நோட்டில்.

“பண்ணியிருப்பேன்” என்றேன். “அரை மணி யோசிச்சிருப்பேன். ஆனா பண்ணியிருப்பேன்.”

என்னையே பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள். “சரி” என்றாள்.

பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு சூடாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். காரம் குறைச்சல் என்றாள். கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். கிளம்பும்போது, “அவர் இன்னும் க்ளென் சித்தப்பா வீட்லதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். நெடுஞ்சாலை முனையில் ரெட்மண்டுக்கு மேற்கே திரும்பவேண்டும். கார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் கிழக்கே திரும்பியது. க்ளென் வீடு இருக்கிற ஜன்டூராப் பக்கம்.

திட்டவா போகிறாள், மன்னிக்கவா? என்னிடம் வர அவளுக்கு ஆறு வருஷமும் ஒரு காகிதமும் வேண்டியிருந்தது. அவனிடம் இன்றைக்கே போகிறாள். வலிக்கிறது, இல்லையென்று எழுதமாட்டேன்.

நவம்பர் 19, ஞாயிறு

காலை ஆறரைக்குப் போனில் ஜனெலின் செய்தி: “ரோடெல்லாம் ஐஸ். பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்.” எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “சரி, கண்ணு” என்று அனுப்பினேன்.